அட்மின் மட்டும்

மே இருபதாம் தேதி மாலை அருள்நாதன் வாட்ஸ்அப் குழுவைப் பூட்டினான். இனி அட்மின் மட்டுமே எழுத முடியும். அட்மின் அவன் ஒருவன்தான். குழுவின் பெயர் ‘பத்தாம் வகுப்பு 1991’.

சென்ற ஆண்டு மே இருபத்தொன்றாம் தேதி, 1991இல் ஊரில் நடந்த குண்டுவெடிப்பைப் பற்றி யாரோ ஆரம்பித்தார்கள். பேச்சு எந்தக் கட்சி துரோகம் செய்தது என்று போனது. கோதண்டமும் சாம்சனும் ஒருவர் குடும்பத்தை ஒருவர் இழுத்தார்கள். கடைசியில் சாம்சன் குழுவை விட்டுப் போய்விட்டான். பள்ளியில் இருவரும் ஒரே பெஞ்சு.

அதற்குப் பிறகுதான் ‘அரசியல் வேண்டாம்’ என்பதை அருள்நாதன் முதல் விதியாக எழுதி வைத்தான். குழுவில் அமைதி வந்தது. காலை வணக்கங்கள், வல்லக்கோட்டை முருகன், பேரக்குழந்தைகள். புதிதாக யார் சேர்ந்தாலும் கோதண்டம் முதல் ஆளாக ரோஜாப்பூ வைத்து ‘வருக வருக’ போடுவான். பின்னாலேயே எல்லோரும் போடுவார்கள்.

மறுநாள் காலை பென்னலூரில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றபோது செந்தாமரை வந்தாள். அவளும் அதே வகுப்பு. ஒரகடத்தில் அவன் சூப்பர்வைசராக இருக்கும் கம்பெனியில் கேன்டீன் வேலை.

“இன்னா அட்மினு, ஊருக்கே தாழ்ப்பா போட்டுட்டு நீ மட்டும் உள்ள குந்திகினு கீறியா?”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. போனை நீட்டினாள்.

வெளுத்துப்போன ஒரு படம். ஏணி உச்சியில் கட்சிக் கொடியைப் பிடித்தபடி ஒரு பையன். அவளுடைய அண்ணன் முனிரத்தினம். ஒரு வருடம் பெயிலாகி, தங்கையோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தவன். அந்த மே மாதம், இரவு நடக்கவிருந்த தேர்தல் கூட்டத்துக்காகக் கூலிக்குக் கொடி கட்டப் போனான். மத்தியானம் கொடிக்கம்பு மின்கம்பியில் பட்டதில் கீழே விழுந்து செத்தான். இரவு அதே கூட்டத்தில் குண்டு வெடித்துத் தலைவர் இறந்தார். நாடு முழுக்க அழுத அந்தச் சாவுக்குப் பின்னால் இவனுடைய சாவு யார் கண்ணிலும் படவில்லை.

“இத்த குரூப்ல போடணும், அருளு. இன்னிக்கே.”

“கொடி கீதே செந்தா. கோதண்டம் சும்மா இருப்பானா? கொடிய வெட்டிட்டு மூஞ்சிய மட்டும் போடு.”

“வெட்டிப் பாத்துட்டேன். கொடிய வெட்னா கையும் போவுது. கையில்லாம போடச் சொல்றியா எங்கண்ணன?”

“வேற போட்டோ?”

“ஸ்கூல் போட்டோ எடுத்த அன்னிக்கு அவன் லீவு. உனுக்குத் தெரியாது?”

நெடுஞ்சாலையில் கொடி கட்டிய கார்கள் மாலைகளோடு தலைவரின் நினைவிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அன்னிக்கு எங்கூட்டு சாவுக்கு ஒருத்தரும் வரல. பஸ்ஸு ஓடல, போலீஸ் பயம், எல்லாம் நாயம்தான். தோள் குடுக்க ஆளில்லாம எங்கப்பாவே தூக்கினு போனாரு. இப்பயாச்சும் போன்லயாவது வரட்டுமே. அதுக்கும் பூட்டா?”

பஸ் வந்தது. அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள். அருள்நாதன் ஜன்னலோரம் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். ஒரு சாவு வீட்டைப் பூட்டிச் சாவியைத் தான் சட்டைப்பையில் வைத்திருப்பதுபோல அவனுக்கு இருந்தது. மறுபடி சண்டை வந்தால் குழு மிஞ்சாது. அதுவும் தெரிந்தது.

குழுவின் இணைப்பைச் சாம்சனுக்கு அனுப்பினான். ‘முனிரத்தினத்துக்காக’ என்று மட்டும் எழுதினான். பிறகு பூட்டைத் திறந்தான்.

“செந்தா, போடு.”

கொடியோடு, கையோடு படம் வந்தது. கீழே, ‘எங்கண்ணன்’.

முதலில் கோதண்டம்தான். ‘அப்பவே நம்ம கொடி எப்படிப் பறக்குது பாருங்க!’

அருள்நாதன் அதை நீக்கினான். ‘அட்மின் நீக்கிய செய்தி’ என்ற வரி மட்டும் நின்றது. ‘கோதண்டம் எழுதுகிறார்’ என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. திட்டப்போகிறான் என்று அருள்நாதன் காத்திருந்தான்.

‘சாம்சன் இணைப்பின் மூலம் சேர்ந்தார்’ என்று ஒரு வரி வந்தது.

கோதண்டம் எழுதுவதை நிறுத்தினான். ரோஜாப்பூ வரவில்லை. ‘வருக’ வரவில்லை. வேறு யாரும்கூடப் போடவில்லை. சாவு வீட்டுக்கு வருகிறவரை யாரும் வாங்க என்று சொல்வதில்லை.

முன் சீட்டிலிருந்து செந்தாமரை திரும்பினாள்.

“சாம்சன் வந்துகிறான்,” என்றாள்.