மாப்பிள்ளை சுட்ட கயோட்டி

கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக மாமியார் வீட்டுக்கு வந்திருந்த டரெல், மறுநாள் காலையில் வாசல்படிக்குக் கீழே ஒரு செத்த கயோட்டியைக் கிடத்திவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி கதவு திறக்கக் காத்து நின்றான்.

காப்பிக் கோப்பையோடு வெளியே வந்த வெர்னா முதலில் பார்த்தது அவன் முகத்தைத்தான். பரிசு வாங்கப் பெயர் கூப்பிட்ட பையனின் முகம். அப்புறம்தான் கீழே பார்த்தாள்.

"உங்களுக்காகத்தான் அத்தை," என்றான் டரெல். "பட்டிக்குப் பின்னாடி ஓடையோரமா பம்மிப் பம்மி வந்துச்சு. ஒரே வெடி. இனிமே உங்க ஆட்டுக்குட்டி மேல வாய் வைக்காது."

ஓநாய்க்குத் தம்பி, நரிக்கு அண்ணன் என்று சொல்லத்தக்க உடம்பு. மண்ணும் சாம்பலும் கலந்த நிறம். இடது காது நுனியில் பிளவு. அந்தக் காதை வெர்னாவுக்கு எங்கே கண்டாலும் தெரியும். வருஷக்கணக்காக அவளுடைய ஓடைக்கரையில் குடியிருந்த ஜோடியில் ஆண் அது.

மகள் ஜோலீன் இரவு உடுப்போடு வெளியே வந்து டரெலின் பக்கத்தில் நின்று, அம்மாவைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"அம்மா, விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு, பனில படுத்துக் கெடந்திருக்காரு. ஏதாவது சொல்லேன்."

"நல்லாக் குறி பாக்குறீங்க மாப்பிள்ளை," என்றாள் வெர்னா. அதற்கு மேல் வாயைத் திறந்தால் வேறு வார்த்தைகள் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அடுப்பில் அப்பம் கருகுகிறதென்று சொல்லி உள்ளே போனாள். அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை.

மொன்டானா மலையடியில் அந்தப் பள்ளத்தாக்கில் கயோட்டியைக் கண்டால் சுடுவது, எதிரே வரும் வண்டிக்குக் கை காட்டுவதைப் போல ஒரு மரியாதை. வெர்னாவின் கணவன் ராய் இருந்த காலத்தில் அவனும் சுட்டுக்கொண்டுதான் இருந்தான். எத்தனை சுட்டாலும் வசந்தத்தில் ஆட்டுக்குட்டிகள் பறிபோய்க்கொண்டே இருந்தன. பிறகு ராய், அரிசோனாவின் வெயிலையும் அங்கே ஒரு பல் வைத்தியரிடம் வேலை பார்த்த பெண்மணியையும் தேடிப் போய்விட்டான். தனி ஆளாய் ஆடு மேய்ப்பவளுக்குத் துப்பாக்கி தூக்கிக்கொண்டு திரிய ஏது நேரம்? சுடாமல் விட்டாள். அந்த வருஷம் ஒரு ஜோடி ஓடைக்கரையில் குழி தோண்டிக் குடியேறியது. புல்வெளியில் வளை தோண்டும் தரையணில்களை அவை தின்றன, எலிகளைத் தின்றன, ஆடு ஈன்று போட்ட நஞ்சுக்கொடியைத் தின்றன. குட்டிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதைவிட முக்கியம், வேறெந்தக் கயோட்டியையும் அந்தப் பக்கம் அண்டவிடவில்லை. வெர்னா அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை, சோறு போடவில்லை. அவள் அவள் வேலையைப் பார்த்தாள், அவை அவற்றின் வேலையைப் பார்த்தன.

இதையெல்லாம் பக்கத்துப் பண்ணை ஹார்லனிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. அன்று வெடிச்சத்தம் கேட்டு அவன்தான் முதலில் வந்தான். வண்டியை அணைக்காமலே இறங்கி, கயோட்டியைப் பார்த்தான், டரெலின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"கெட்டிக்காரன்யா நீ. இந்த வீட்ல இப்படி ஒரு காரியம் நடக்கும்னு நான் கனவுல கூட நெனைக்கல. உன் மாமியாளப் பத்தி உனக்குத் தெரியுமோ தெரியாதோ, அவளுக்கு இதுங்க மேல ஒரு…"

"ஹார்லன்," என்றாள் வெர்னா, "உன் வண்டி ஓடிக்கிட்டே இருக்கு. டீசல் என்ன ஓடையிலயா வருது?"

ஹார்லன் அவளைப் பார்த்தான், புதுமாப்பிள்ளையைப் பார்த்தான், விஷயம் புரிந்து மீசைக்குள் சிரித்துக்கொண்டான். போகும்போது டரெலுக்கு வண்டியிலிருந்து ஒரு கட்டு மான்கறி சாசேஜ் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

பிள்ளைகள் இருவரும் ஊருக்குக் கிளம்பிய பிறகு வெர்னா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போனாள். நிலம் இன்னும் உறைந்து கிடந்ததால் ஆழமாகத் தோண்ட முடியவில்லை. கயோட்டியைப் போட்டு மூடிவிட்டுக் கல்லை அடுக்கினாள். அழவில்லை. ஆனால் அன்று முழுக்கக் காவல் நாய் பிஸ்கட்டிடம் மட்டுந்தான் பேசினாள், அதுவும் சிடுசிடுவென்று.

மே மாதம் ஆடுகள் ஈனத் தொடங்கியதும் அவள் பயந்தது நடந்தது. தனித்துப்போன பெட்டையால் எல்லையைக் காக்க முடியவில்லை. எங்கிருந்தோ இளவட்டக் கயோட்டிகள் வந்து சேர்ந்தன. ஊர் தெரியாத, பசி அடங்காத, ஆட்டுக்குட்டி என்றால் என்னவென்று சோதித்துப் பார்க்கும் கூட்டம். வாரத்துக்கு ஒரு குட்டி போயிற்று, பிறகு அடிக்கடி போயிற்று. பிஸ்கட் ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் நுழைந்தன. வெர்னா புல்வெளியின் ஓரத்தில் நின்று தகரத்தைத் தட்டிக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டாள்.

போனில் மகள் கண்டுபிடித்துவிட்டாள்.

"உன் குரல் ஏன்மா தவளை மாதிரி இருக்கு?"

"சளி."

"மே மாசத்துல சளியா? உண்மையச் சொல்லு."

வெர்னா சொன்னாள். கடைசியில், "உன் புருஷன் காதுக்கு இது போகக் கூடாது, கேட்டியா?" என்றாள்.

"சத்தியமா சொல்ல மாட்டேன்," என்றாள் ஜோலீன். சனிக்கிழமை காலையில் டரெலின் சிவப்பு வண்டி வாசலில் நின்றது. ஜோலீனும் வந்திருந்தாள்; அம்மா முகத்தைப் பார்க்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவன் இறங்கி நேராக வந்தான். இந்த முறை முகத்தில் சிரிப்பில்லை.

"ஏன் அத்தை அன்னிக்கே சொல்லல?"

"சொல்லியிருந்தா செத்தது எந்திரிச்சு ஓடிடுமா?"

"என்னைத் திட்டியாவது இருக்கலாம்ல?"

"முதல் விருந்துக்கு வந்த மாப்பிள்ளையத் திட்டவா? அதுக்குத்தான் இன்னும் எவ்வளவோ வருஷம் கெடக்குதே."

டரெல் தரையைப் பார்த்தான். "அந்த சாசேஜ ருசிச்சு ருசிச்சுத் தின்னேன் அத்தை. இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு."

அவன் முகத்தைப் பார்க்க வெர்னாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. கோபத்தை இத்தனை நாள் அடைகாத்து வைத்திருந்தாள்; அதைக் கொட்ட ஆள் வந்தபோது பார்த்தால் கோபத்தைக் காணோம். "வந்தது வந்தாச்சு, சாப்பிடுங்க," என்றாள்.

"இருங்க, ஒண்ணு கொண்டுவந்திருக்கேன்," என்று வண்டிக்குப் போனான்.

டரெல் நகரத்தில் பழைய கார் விற்கும் கடையில் வேலை பார்த்தான். கடை வாசலில், கீழே விசிறி வைத்து மேலே காற்று ஊத, கையை வீசி வீசி ஆடும் நெட்டைப் பலூன் மனிதன் ஒன்று உண்டு. ஆரஞ்சு நிறம், வாய் நிறையச் சிரிப்பு, நெஞ்சில் 'மாபெரும் தள்ளுபடி' என்று எழுத்து. அதைத்தான் கொண்டுவந்திருந்தான். கயோட்டிகள் புதுசாக எதைக் கண்டாலும் மிரளும் என்று யாரோ சொல்லக் கேட்டானாம்.

புல்வெளி நடுவில் வைத்து, ஜெனரேட்டரை முடுக்கினான். பலூன் மனிதன் தரையிலிருந்து துள்ளி எழுந்து, இரண்டு கையையும் விரித்து, இடுப்பை ஒடித்து ஆடத் தொடங்கினான். கயோட்டிகள் அதைப் பார்த்தனவோ இல்லையோ, ஆடுகள் பார்த்தன. மொத்த மந்தையும் ஒரே திக்கில் பாய்ந்து, வேலியைச் சாய்த்துக்கொண்டு சாலையில் ஏறி ஓடியது. பிஸ்கட் தன் வாழ்நாளில் இப்படி ஓர் எதிரியைக் கண்டதில்லை. பாய்ந்து பலூனின் வலது கையைக் கவ்வி இழுத்துக் கிழித்துவிட்டது.

சாயங்காலம் வரை மூவரும் ஆடு பிடித்தார்கள். ஒரு கிழட்டு ஆடு டரெலைப் பின்னாலிருந்து முட்டி ஓடையில் தள்ளியது. ஜோலீன் சாலையோரம் உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல் சிரித்தாள்.

"உங்க ஓனர் இத எப்படிக் கொடுத்தாரு?" என்று கேட்டாள் வெர்னா, முள்ளில் மாட்டிய பாவாடையை விடுவித்துக்கொண்டே.

டரெல் அந்தப் பக்கம் திரும்பி ஈரச் சட்டையைப் பிழிந்தான்.

மறுநாள் ஜோலீன் கிழிந்த கையைத் தைத்தாள். ஆடுகளுக்குப் பழகட்டும் என்று முதலில் தூரத்தில், மேட்டில் வைத்தார்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார்கள். ஒரே இடத்தில் நின்றால் கயோட்டிகள் சீக்கிரம் கண்டுகொண்டுவிடும் என்று இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வாரநாளில் வெர்னா மாற்றினாள், சனி ஞாயிறு டரெல் வந்து மாற்றினான். வண்டியில் உட்கார்ந்து ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு, பாட்டோடு சேர்ந்து கேட்கச் சகிக்காத குரலில் பாடவும் செய்தான். பலூனா பாட்டா எது வேலை செய்ததோ, குட்டிகள் போவது குறைந்தது. அடியோடு நின்றுவிடவில்லை. ஜூனில் மேலும் ஒன்று போனது. அன்றைக்கு டரெல் தானே குழி தோண்டினான். வெர்னா அவனுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்து, அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

புல் அறுக்கிற சமயம். வெர்னா டிராக்டரில் இருந்தாள். டரெல் வேலிக்கம்பத்தில் ஏறி உட்கார்ந்து கை காட்டினான். அறுத்த புல்லில் இரண்டு கயோட்டிகள் தரையணில் பிடித்துக்கொண்டிருந்தன. ஒன்று காதைத் தரையோடு வைத்துக் கேட்டது, எம்பிக் குதித்து மூக்கால் குத்தியது. மற்றது பார்த்துக்கொண்டு நின்றது. ஆடுகள் அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தன. இரண்டும் அவற்றைச் சட்டை செய்யவில்லை.

வெர்னா இன்ஜினை நிறுத்தினாள்.

"அது நம்ம பழைய பெட்டையா அத்தை?"

"அதேதான். நடையப் பாத்தாலே தெரியுது."

"கூட நிக்கிறது?"

"புதுசு."

"ஆளு எப்படி?"

"என்னைக் கேட்டா? உங்களப் பத்தியே இப்பத்தான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். அவனுக்கும் கொஞ்சம் டைம் குடுப்போம்."

"நல்ல முடிவா?" என்று கேட்டான் டரெல். வெர்னா இன்ஜினை முடுக்கிவிட்டாள்.

இலையுதிர் காலம் தொடங்கியபோது ஹார்லன் வந்தான். இந்தத் தடவை வண்டியை அணைத்துவிட்டு இறங்கினான்.

"மேல் மேட்டுல ஓநாய் எறங்கியிருக்கு வெர்னா. மூணோ நாலோ. என் கன்னுக்குட்டிங்களையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கு. கயோட்டின்னா சுட்டுத் தள்ளிடுவேன். ஓநாயச் சுட்டா அப்புறம் அதிகாரிங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

"அதுக்கு?"

ஹார்லன் தொண்டையைச் செருமினான். "அந்தப் பலூன் ஆட்டக்காரன கொஞ்ச நாளைக்குக் கொடுத்தா நல்லாருக்கும்."

"என்னைக் கேக்காத. அது மாப்பிள்ளை பொருள்."

வேலியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த டரெல் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "எடுத்துட்டுப் போங்க. ஆனா ஓடைக்கு இந்தப் பக்கம் உங்க வெடிச்சத்தம் கேக்கக் கூடாது. எங்க ஜோடி அங்கதான் இருக்கு."

"எங்க ஜோடியா?" ஹார்லன் வெர்னாவைப் பார்த்தான். "இவனையும் கெடுத்துட்டியா?"

"உனக்கு ஆட்டக்காரன் வேணுமா வேண்டாமா?" என்றாள் வெர்னா.

ஹார்லன் யோசித்தான். மேட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். "ஓடைக்கு இந்தப் பக்கம்தானே," என்றான். "சரி. சுடல."

பலூனைச் சுருட்டி வண்டியின் பின்னால் ஏற்றினார்கள். சரியாகக் கட்டவில்லை. ஹார்லன் சாலையில் வேகமெடுத்ததும் ஆரஞ்சுக் கை ஒன்று காற்றில் எழும்பிப் படபடத்துக்கொண்டே போயிற்று.

"இவ்வளவு நாளா உங்க ஓனர் இதக் கேக்கவே இல்லியா மாப்பிள்ளை?" என்றாள் வெர்னா.

"கேட்டாரு. மே மாசம் பெரிய காத்து அடிச்சுதுல்ல, அதுல பறந்து போயிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

"மே மாசம் எங்க காத்து அடிச்சுது?"

"அவரு அப்ப லீவுல இருந்தாரு அத்தை."

வெர்னா வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள். வீட்டுக்குள்ளிருந்து ஜோலீன் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.