தொட்டிக்குள் மாப்பிள்ளை

மனித நாகரிகத்தை இனி இரண்டாகப் பிரிக்க வேண்டும்: மாமனாரின் தொட்டிக்கு முன், தொட்டிக்குப் பின். இப்படி அறிவித்தவரும் மாமனார்தான்.

கந்தகம் கலந்த செம்புத் தாதுவைச் சூளையில் உருக்காமல், பொடித்து அமிலத்தில் ஊறவைத்தே செம்பைப் பிரிப்பது அவர் திட்டம். சங்கடம் என்னவென்றால், கொஞ்சம் கரைந்ததுமே பொடியின்மேல் கந்தகம் ஏடு கட்டிக்கொள்ளும். பிறகு அமிலம் உள்ளே இறங்காது. பலரும் மல்லுக்கட்டும் இந்தச் சிக்கல் மாமனாரின் தொட்டியை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. செம்பு கரைந்ததற்கு அடையாளமாகக் கரைசல் நீலமாய் ஜொலித்தது.

தாது கரைந்தது என்று சான்று சொல்லும் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவர் வீட்டோடு மாப்பிள்ளையான வேதியியலாளர். சம்பளம், சாப்பாடு, மாடியறை எல்லாம் மாமனார் தயவு. மனசாட்சி மட்டும் சொந்தச் செலவு. அது அரித்ததால், கரைசலை வடித்த தொட்டிக்குள் பக்கவாட்டுத் துளை வழியாக நுழைந்து பார்த்தார். தாதுப்பொடி போட்டது போட்டபடி கிடந்தது. கரைசலைச் சூடாக்க மாமனார் சல்லிசாக வாங்கி மாட்டிய குழாய்ச் சுருளில்தான் பாதியைக் காணோம். மிச்சத்தைச் சுரண்டினார். பெயின்ட்டுக்கு அடியில் சுத்தமான செம்பு.

வெளியே காலடிச் சத்தம். முதலீட்டாளர்கள் வந்துவிட்டார்கள்.

"மூளை முழுக்க நம்ம மாப்பிள்ளையோடதுங்க," என்று தொடங்கினார் மாமனார். லாபம் வந்தால் தானும், வழக்கு வந்தால் மாப்பிள்ளையும் என்று அவர் வேலையைப் பிரித்துவைத்திருந்தார். உரை நீண்டது. மாப்பிள்ளை சேற்றில் உட்கார்ந்து கேட்டார். கையெழுத்துப் போட்டால் வாழ்நாள் முழுக்க இதற்குள்தான். சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து வெளியே வந்தார்.

"பாத்தீங்களா, உள்ளயே குடியிருக்காரு!"

மாப்பிள்ளை சட்டென்று தொட்டியில் முதுகை ஒட்டிக்கொண்டார்.

"மாமா, கொஞ்சம் தனியா பேசணும்."

"நமக்குள்ள என்ன ரகசியம்? இங்கயே சொல்லுங்க."

"சுருள் கரைஞ்சிருச்சு மாமா."

"சுருளே கரையுதுன்னா தாது எந்த மூலைக்கு!"

எல்லோரும் கைதட்டினார்கள்.

"இல்லைங்க, தாது கரையவே இல்ல. நீலமெல்லாம் அந்தச் சுருளோட செம்பு."

கைதட்டல் நின்றது. மாமனார் சிரித்தார். "தன்னடக்கம்ங்க. வீட்டுலயும் இப்படித்தான்."

டை கட்டிய ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படியா? திரும்பிக் குனிஞ்சு, உள்ளேருந்து ஒரு பிடி எடுத்துக் காட்டுங்க சார். பாத்துருவோம்."

மாப்பிள்ளை திரும்பவில்லை. தொட்டியோடு இன்னும் ஒட்டினார்.

"வேணாங்க," என்றார். "பேனா குடுங்க."

நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டார்.

அமிலச் சேறு பருத்தித் துணியைத் தின்றுவிடும். அவருடைய கால்சட்டைக்குப் பின்பக்கம் இல்லை.