நான்கு நாள் பூஜ்யம்

எனக்குப் பச்சைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது. பிறவியிலேயே அப்படித்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் சொல்லாமல் பன்னிரண்டு வருஷம் ஓட்டியவன் நான்.

வேலை பார்ப்பது மீன் காட்சியகத்தில். பார்வையாளர்கள் வராத பின்பக்கத்தில் தனிமைத் தொட்டி அறை என்று ஒன்று இருக்கிறது. கடலிலிருந்து வரும் எந்த மீனும் நேரே பெரிய தொட்டிக்குப் போகாது. முப்பது நாள் என் காவலில், வெண்புள்ளி நோய் ஒட்டாமல் இருக்கச் செம்பு மருந்து கலந்த தண்ணீரில் கிடக்க வேண்டும். இந்தத் தொட்டியில் மணல் கிடையாது, பாறை கிடையாது. மீன் ஒளிந்துகொள்ள நாலு பிளாஸ்டிக் குழாய், காற்றுக் குமிழி விடும் ஒரு ஸ்பாஞ்சு, அவ்வளவுதான். மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் அம்மோனியா ஊறிக்கொண்டே இருக்கும். பெரிய தொட்டியில் அதைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்கள் ஏராளம், இங்கே சொற்பம். ஆகவே தினமும் காலையில் சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, ஐந்து நிமிஷம் கழித்து நிறத்தை ஓர் அட்டையோடு ஒப்பிட வேண்டும். மஞ்சள் என்றால் பூஜ்யம். பச்சை ஏற ஏற அட்டையில் அரை, ஒன்று, இரண்டு என்று எண்ணும் ஏறும், ஆபத்தும் ஏறும்.

கூத்தைப் பாருங்கள், இந்த வேலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறேன் நான்!

எப்படிச் சமாளித்தேன்? எல்லாம் வாய்தான். என் மனைவியின் தம்பி இரண்டு வருஷமாக இதே அறையில் என்னோடு வேலை பார்க்கிறான். முப்பத்திரண்டு வயசு, ஒரு குழந்தைக்கு அப்பன். தினமும் குப்பியை அவன் மூக்குக்கு நேரே நீட்டுவேன். "எங்க, பாத்து சொல்லு மாப்ள. ஒனக்கு எவ்வளவு பிடிபட்டிருக்குன்னு பாக்கலாம்" என்பேன், பரீட்சை வைக்கிற தோரணையில். அவன் சொல்வான். நான் கண்ணைச் சுருக்கித் தலையை ஆட்டி, "ம், பரவால்ல, தேறிட்ட" என்பேன். அவன் பதிவேட்டில் எழுத, நான் கையெழுத்துப் போடுவேன். அவனுக்கு முன்னால் இருந்தவரையும் இப்படித்தான் ஏய்த்தேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. எட்டு மணிக்கு அறையைத் திறந்தேன். ஏழு வண்ணத்துப்பூச்சி மீன்களில் ஆறு, தண்ணீர் மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. செவுள்கள் படபடவென்று அடித்தன. ஏழாவது, குழாய்க்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. வலையால் தொட்டேன். அசையவில்லை.

"மாப்ள!" நான் போட்ட சத்தத்தில் அவன் பாதிச் சட்டை போட்டபடி ஓடிவந்தான்.

"நேத்து அம்மோனியா எவ்வளவுடா?"

"பூஜ்யம் மாமா. நாலு நாளா பூஜ்யம்தான்."

"எடு குப்பிய. இன்னொரு தடவ பாரு."

அந்த ஐந்து நிமிஷத்தில் காற்றுக் குழாயைப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது. வெப்பம் சரி. உப்பு சரி. செம்பு அளவும் சரி. அவன் குப்பியை வெள்ளைச் சுவருக்கு நேரே பிடித்தான், அட்டையைப் பார்த்தான், மறுபடி குப்பியைப் பார்த்தான்.

"பூஜ்யம்... தானே மாமா?"

எனக்கு நிறம்தான் தெரியாது, வெளுப்பும் கருப்பும் தெரியும். அட்டையில் பூஜ்யக் கட்டம் வெளிறியிருந்தது. குப்பியோ அடர்ந்து கிடந்தது.

"எதுடா பூஜ்யம்? நல்லாப் பாரு!"

"அப்போ இது பச்சைதானா?" அவன் குரல் இறங்கியது. "திங்கக்கிழமையே லேசாப் பச்சையாத்தான் தெரிஞ்சுச்சு மாமா."

"அப்புறம் என்ன எழவுக்குப் பூஜ்யம்னு எழுதின?"

"கோவப்படாதீங்க. தினமும் சின்னப் பிள்ளைக்கு வைக்கிற மாதிரி பரீட்சை வைக்கிறீங்களேன்னு கடுப்பு. அன்னைக்கு வேணும்னேதான் தப்பா சொன்னேன். நீங்க திட்டுவீங்க, சிரிச்சுட்டு மாத்தி எழுதலாம்னு இருந்தேன். நீங்க 'சரி, தேறிட்ட'ன்னீங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பன்னெண்டு வருஷமா பாக்குற மனுஷன் சொல்றாரு, அப்போ என் கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சேன். புதன்கிழமை கூட கேட்டேனே, கொஞ்சம் பச்சையாத் தெரியுதேன்னு? 'ட்யூப்லைட் வெளிச்சம்டா, பேசாம எழுது'ன்னீங்க."

கேட்டிருந்தான். நானும் சொல்லியிருந்தேன். மீன்கள் நன்றாகச் சாப்பிடுகின்றன என்று அந்த வாரம் தீனியைக் கூட்டியவனும் நான்தான்.

அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். எங்கே? வாய் தன் போக்கில் போனது. "தப்பையும் பண்ணிட்டு என்னைச் சொல்றியா? போய்த் தண்ணி எறைக்கிற குழாயப் போடுடா!" என்று கத்தினேன். அவன் முகம் செத்துவிட்டது. அலமாரிப் பக்கம் போனான்.

இன்னொரு பயமும் இருந்தது. போன மாதம் ஒரு குழாயை மூட மறந்து இவன் அறையையே வெள்ளக்காடாக்கியதில், மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: இன்னொரு தப்பு நடந்தால் வேலை கிடையாது. மேடம்தான் எங்கள் இயக்குநர். வெள்ளிக்கிழமைதோறும் ஒன்பது மணிக்குச் சுற்றிவருவார். மணி எட்டரை.

அவன் அலமாரியிலிருந்து அம்மோனியாவை முறிக்கும் மருந்துப் புட்டியை எடுத்து மூடியைத் திருகினான். பாய்ந்து பிடுங்கினேன்.

"செம்பு இருக்குற தண்ணியில இதப் போட்டா போதும், மிச்சமும் போய்ச் சேந்துரும்! தண்ணி மாத்தறது ஒண்ணுதான் வழி."

தொட்டியில் நானூறு லிட்டர். முதல் நாளே உப்புக் கலந்து, காற்று விட்டு, சூடேற்றி வைத்த பீப்பாயில் முந்நூறு லிட்டர். பாதித் தொட்டியை இறைத்தோம். தரையில் ஒட்டியிருந்த தீனித் துணுக்குகளையும் குழாய் உறிஞ்சிப் போனது. வெளியே போகிற தண்ணீரோடு செம்பும் போகும், ஆகவே அதே அளவைப் புதுத் தண்ணீரில் கலக்க வேண்டும். மருந்தை மூன்று தடவை அளந்தேன். உப்பைப் பார்த்தேன், வெப்பத்தைப் பார்த்தேன், மெல்ல மெல்ல விட்டோம். வேகமாக விட்டால் அந்த அதிர்ச்சியிலேயே செத்துவிடும். விட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொரு மீன் மல்லாந்தது. ஐயோ என்று வாய்விட்டே சொன்னேன்.

மீதி ஐந்து. பீப்பாயில் இன்னும் நூறு லிட்டர். அம்மோனியா இறங்கியிருந்தால் அதைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இறங்கவில்லை என்றால் இப்போதே விட்டாக வேண்டும். புதிதாகக் கலக்கும் தண்ணீர் நாளைக்குத்தான் பக்குவமாகும். எல்லாம் அந்தக் குப்பியின் நிறத்தில் இருந்தது.

ஐந்து நிமிஷம் ஆனது. வழக்கம்போல நான் நீட்டுவதற்கு முன்னால், அவன் குப்பியை என்னிடம் நீட்டினான்.

"நீங்களே பாத்து சொல்லுங்க மாமா. என் கண்ண நம்பி இனி எழுத மாட்டேன்."

குப்பியை வாங்கினேன். உள்ளே இருந்தது தண்ணீர். முன்னைவிடக் கொஞ்சம் வெளுப்பு, எந்தக் கட்டம் என்று எனக்குத் தெரியவில்லை.

கதவு திறந்தது. மேடம் முதலில் வலையில் கிடந்த இரண்டு மீன்களைப் பார்த்தார். அப்புறம் மேஜைக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினார்.

"திங்கள் பூஜ்யம், செவ்வாய் பூஜ்யம், புதன், வியாழன் பூஜ்யம். பூஜ்யத்துல மீன் சாகுமா? யார் எழுதினது?"

"நான்தான் மேடம்" என்றான் மச்சான். "மாமா மேல தப்பில்ல. எனக்குக் கண்ணுல கோளாறு இருக்கு போல. பச்சையும் மஞ்சளும் சரியாத் தெரியல."

என் குறையை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறான், அது என்னுடையது என்றுகூடத் தெரியாமல்! எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"நிறம் தெரியாத ஆளுக்கு இந்த ரூம்ல என்ன வேலை?" மேடம் பதிவேட்டை மூடினார். "கெளம்பு. ஆபீஸ்ல போய்க் கணக்க முடிச்சுக்கோ." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. இப்ப எவ்வளவு இருக்கு?"

ஏதோ ஓர் எண்ணைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பென்ஷன் வரைக்கும் ஓடியிருக்கும். ஐந்து மீன்களும் மேலே வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவன் கையைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிவிட்டான்.

"தெரியல மேடம்" என்றேன். "கோளாறு அவனுக்கில்ல, எனக்கு. பொறந்ததுலேர்ந்து. நான் ஒரு நாளும் இதப் பாத்ததே இல்ல. அவன் வாயப் புடுங்கித்தான் கையெழுத்துப் போட்டேன்."

"பொண்டாட்டி தம்பிய காப்பாத்தறதுக்கு இப்படி ஒரு கதையா?"

"சத்தியமா கதையில்ல மேடம்."

அவர் அட்டையை எடுத்து, எண்களைக் கட்டைவிரலால் மறைத்து நீட்டினார். "இது என்ன நிறம்?"

"தெரியல."

"இது?"

"தெரியல மேடம். அதவிட இது கொஞ்சம் கருப்பு. அவ்வளவுதான்."

மேடம் என் கையிலிருந்த குப்பியை எடுத்து மச்சானிடம் கொடுத்தார். "நீ பாரு."

அவன் அதை வாங்கினான். பழக்க தோஷம், முதலில் என் முகத்தைத்தான் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒண்ணு மேடம்" என்றான். "பச்சை. ஒண்ணு."

மேடமும் பார்த்தார். "ஆமா, ஒண்ணுதான். மீதித் தண்ணியையும் விடு." என் பக்கம் கையை நீட்டினார். "சாவி."

கொடுத்தேன். அவர் அதை மேஜையில், பதிவேட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அதே அளவை இறைத்துவிட்டு, செம்பு கலந்த நூறு லிட்டரையும் உள்ளே விட்டோம். பத்து மணிக்குச் செவுள்களின் துடிப்பு தணிந்தது. பதினொன்றுக்கு ஒவ்வொன்றாக மேல்மட்டத்தை விட்டு இறங்கின. அவன் மறுபடி சோதித்தான். என்னைப் பார்க்கவில்லை. "அரைக்கும் ஒண்ணுக்கும் நடுவுல" என்று தனக்கே சொல்லிக்கொண்டு எழுதினான். கையெழுத்தும் அவனே போட்டான். அடுத்த பீப்பாயில் உப்பைக் கொட்டிக் கலக்க ஆரம்பித்தேன், அதற்கு நிறம் பார்க்க வேண்டியதில்லை.

"மாப்ள" என்றேன். "என்னை மன்னிச்சுருடா."

அவன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்தான். ஓரமெல்லாம் உப்புத் தண்ணீரில் நனைந்திருந்தது.

"நாலு நாளா எனக்குக் கண்ணு போகுதுன்னு நெனச்சேன். ராத்திரி பிள்ளையோட கலர் பென்சில ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துக்கிட்டு இருந்தேன். இது என்ன கலர்னு அதுகிட்ட போய்க் கேட்டேன் மாமா." சீட்டை என் கையில் வைத்தான். "கண் ஆஸ்பத்திரி டோக்கன். நாளைக்குப் பத்தரை மணி. பேர மட்டும் மாத்திக்கச் சொல்லுங்க."

வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.