மூச்சைப் பார்த்த டிரைவர்

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் சீட்டு வாங்குவதற்கு முன்பே டிரைவரிடம் ஒரு திட்டு வாங்கியிருப்பார்கள். டிரைவர் அருணகிரிக்கு அப்படி ஒரு வாய். யுத்தம் வந்து, பெட்ரோல் கிடைக்காமல் போய், பஸ்ஸின் முதுகில் கரி உலை ஒன்றைக் கட்டிவிட்ட பிறகு அந்த வாய்க்கு ஓய்வே இல்லை. கரிப்புகையில் ஓடுகிற வண்டி, மேட்டைக் கண்டாலே நின்றுவிடும். அருணகிரி இறங்கி டயரை உதைப்பார். உலையை மூட்டுகிற அப்துல் கரீமைத் திட்டுவார். பிறகு ஜெர்மன்காரனை. கடைசியாக, மேட்டை அங்கே கொண்டுவந்து வைத்த கடவுளை. ஒருமுறை பஸ் கூரைமேல் கூடையிலிருந்த சேவல் கூவியதற்காக, அதோடும் மல்லுக்கு நின்றார்.

சித்திரை வெயிலில் அப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது கண் இருண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். நாமக்கல் டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். “இன்னொரு தரம் இப்படிக் கோபப்பட்டீங்கன்னா தலைக்குள்ள நரம்பு வெடிச்சிடும்” என்றார்.

“என் நரம்பு வெடிச்சா உமக்கென்ன?” என்று அருணகிரி அவர்மேலேயே பாய்ந்தார்.

அன்று சாயங்காலமே அவர் மனைவி சென்னியம்மாள், புருஷனைக் காவிரிக்கரை மண்டபத்துக்கு இழுத்துப் போனாள். அங்கே பாலசுந்தரானந்தர் என்ற சாமியார் வந்து தங்கியிருந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். தியானம் சொல்லித் தருகிறார் என்று ஊரில் பேச்சு. அருணகிரியின் கதை முழுவதையும் அவர் வாழைப்பழம் தின்றுகொண்டே கேட்டார்.

“கண்ணை மூடி உக்காருங்க. மூச்சு உள்ளே வர்றதையும் வெளியே போறதையும் பாருங்க. மனசு எங்கேயாவது ஓடும். திட்டாம திரும்பக் கூட்டிட்டு வாங்க.”

“திட்டாமயுங்களா?”

“திட்டாம.”

அருணகிரி தலையைச் சொறிந்தார். மற்றதெல்லாம் முடியும் என்று தோன்றியது.

மறுநாள் காலை வீட்டில் பாயை விரித்து உட்கார்ந்தார். கண்ணை மூடியதும் மூச்சு வரவில்லை. வரப்பை வெட்டி நிலத்தைச் சேர்த்துக்கொண்ட பங்காளி வந்தான். அவனை விரட்டினால், ஒரு கல்யாணப் பந்தியில் தன்னைக் கவனிக்காமல் போன மச்சான் வந்தான். போன வருஷம் பஸ்ஸுக்குள் வாந்தி எடுத்தவன்கூட வந்தான். எல்லாரையும் ஒரே இடத்தில் வரிசையாகப் பார்த்ததில் அருணகிரிக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. தடியை எடுத்துக்கொண்டு பங்காளி வீட்டுக்குக் கிளம்பியவரைச் சென்னியம்மாள் வாசலில் குறுக்கே நின்று தடுக்கவேண்டியிருந்தது.

அப்புறம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. தப்பு தன்னுடையது இல்லை, சத்தத்தினுடையது. ஆகவே அவர் கண்ணை மூடியிருக்கும்போது வீட்டில் அம்மியில் அரைக்கக் கூடாது, பாத்திரம் உருளக் கூடாது, மாடு கத்தக் கூடாது. மாட்டுக்கு இந்தச் சட்டம் புரியவில்லை.

“அமைதியா இருங்கடான்னு சொல்லறது ஒருத்தருக்கும் கேக்கறதில்லையா?” என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி கத்தினார்.

“ஏனுங்க, நீங்க சும்மா கத்தீட்டுத் திரிஞ்சப்ப இந்த ஊடு எவ்வளவோ நிம்மதியா இருந்துச்சுங்க” என்றாள் சென்னியம்மாள். “சாமியாரு குடுத்த மூச்ச அவருகிட்டயே திருப்பிக் குடுத்துப்போட்டு வந்துருங்க.”

அருணகிரி விடவில்லை. பக்தியோ வைராக்கியமோ காரணமில்லை, வீம்புதான். உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு காலையில், அவரே எதிர்பாராமல், மூச்சு வந்தது தெரிந்தது. போனதும் தெரிந்தது. அடுப்படியில் சென்னியம்மாளின் வளையல் சத்தம் கேட்டது. மாடு கத்தியது. கத்தட்டும் என்று இருந்தது. கண்ணைத் திறந்தபோது அவருக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. நெஞ்சுக்குள் யாரும் சண்டை போடாமல் இப்படிக் காலியாக இருந்து அவர் பார்த்ததில்லை.

அந்தப் பயம் பஸ் கிளம்புவதற்குள் கர்வமாகிவிட்டது. “எனக்குக் கோவம் போயிருச்சு” என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் சொன்னார். யாரும் சந்தோஷப்படவில்லை. வெற்றிலைக் கட்டுகளோடு சந்தைக்குப் போகிற பாவாயி, “அப்பறம் வண்டி எப்புடிக் கெளம்பும்?” என்று கவலைப்பட்டாள். டிரைவர் உதைத்தால்தான் அந்தப் பஸ் ஓடும் என்று அவள் உறுதியாக நம்பினாள்.

அன்று பாலசுந்தரானந்தரும் அதே பஸ்ஸில் ஏறினார். நாமக்கல்லில் அவருக்குக் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. பேசவேண்டிய விஷயம் பொறுமை.

பரமத்தி தாண்டி முதல் மேட்டிலேயே வண்டி இருமி நின்றது. கரீம் குதித்துப் போய் உலையைக் கிளறி, அதற்குக் காற்று ஊதுகிற காற்றாடியின் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தான். எல்லாரும் அருணகிரியைப் பார்த்தார்கள். அவர் நிதானமாக இறங்கினார். டயரைத் தாண்டிப் போனார். ஒரு வேப்பமரத்தடியில் சம்மணமிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

வெயில் ஏறியது. கரீமின் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. “அண்ணா, கொஞ்சம் வந்து கை குடுங்கண்ணா” என்று கூப்பிட்டான்.

பாவாயி கிட்டே போய் நின்றாள். “ஏனுங்க டைவரு, வெத்தல வாடிப் போகுது. உங்களுக்குக் கோவமே வரலீங்களா?”

அருணகிரி புன்னகை செய்தார். பார்க்கச் சகிக்கவில்லை. அவரைக் கிளப்பிவிட ஒருவர் அவருடைய மீசையைக் கேலி பேசிப் பார்த்தார். இன்னொருவர், பங்காளிதான் நல்லவன் என்றார். அருணகிரியின் மூச்சு உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது.

“சாமி, நீங்க பண்ணின வேலைதானுங்க இது. நீங்களே எழுப்புங்க” என்று எல்லாரும் சாமியாரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

சாமியார் முதலில் “பரவாயில்லை, இருக்கட்டும்” என்றார். பிறகு வெயிலைப் பார்த்தார். கூட்டம் கூடியிருக்கும் நேரத்தை நினைத்தார். மரத்தடிக்குப் போய் மெல்லக் கனைத்தார். மறுபடியும் கனைத்தார். அருணகிரியின் முகத்தில் அந்தப் புன்னகை அப்படியே இருந்தது.

“டேய்! எந்திரிடா மடையா! அங்கே ஊரே காத்துக் கிடக்குது, இங்கே நீ ரிஷி வேஷமா கட்டறே?”

கரீம் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டான். பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அருணகிரி ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“சாமி,” என்றார், “திட்டாமன்னு சொன்னீங்களே.”

சாமியாரின் முகம் சிவந்தது. அப்புறம் தோள் தளர்ந்தது. அப்படியே மரத்தடியில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அருணகிரிக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. சிரித்து முடித்ததும் சாமியாரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

“எத்தன காலமா இப்புடி உக்காந்து மூச்சப் பாக்கறீங்க?”

“இந்தத் தாடி கறுப்பா இருந்தப்பலேர்ந்து.”

“அத்தன காலம் உக்காந்துமுங்களா இப்புடி?”

“முன்னாடி நீங்க என்னைப் பாத்ததில்லை,” என்றார் சாமியார். “அப்பெல்லாம் இந்நேரம் உங்களை அடிச்சிருப்பேன். அடிச்சிட்டு, பத்து நாளைக்கு அதையே நெனச்சு மறுபடியும் கோபப்பட்டுக்கிட்டிருப்பேன். இப்போ பாருங்க, வந்த கோபம் அதுக்குள்ளே போயிடுச்சு. எனக்கு வாய்ச்சது இவ்வளவுதான்.”

“இத மண்டபத்துலயே சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“சொன்னா ஒருத்தன் வரமாட்டான்.”

“ரெண்டு பேரும் ஞானம் பேசி முடிச்சாச்சுன்னா வந்து வண்டியத் தள்ளுங்க” என்றாள் பாவாயி.

தள்ளினார்கள். சாமியாரும் காவியை மடித்துக் கட்டிக்கொண்டு தோளைக் கொடுத்தார். மேட்டின் உச்சியில் உலை பிடித்துக்கொண்டு வண்டி உறுமியபோது, அவர் முகமெல்லாம் கரி.

அந்த முகத்தோடுதான் நாமக்கல்லில் மேடை ஏறினார். பாதிக் கூட்டம் கலைந்திருந்தது. மீதிப் பேருக்கு முன்னால், தயாரித்து வைத்திருந்த உபந்நியாசத்தை விட்டுவிட்டு, வழியில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். கூப்பிட்டவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த வருஷம் வேறு சாமியாரை அழைத்தார்கள். அருணகிரி மட்டும் பின்வரிசையில் நின்று முழுவதும் கேட்டுவிட்டுப் போனார்.

அவர் கத்துவதை நிறுத்தவில்லை. ஆனால் கத்தும்போது நடுவில் சில சமயம் நின்றுவிடுவார். ஒரு நாள் சந்தைத் திருப்பத்தில் குறுக்கே வந்த மாட்டு வண்டிக்காரனை, அவன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்தி ஒரு மூச்சு விட்டார். இன்னொன்றும் விட்டார். என்ன சொல்ல வந்தோம் என்பது மறந்துபோயிருந்தது.

“மிச்சத்தையும் சொல்லீட்டுப் போங்க,” என்றான் வண்டிக்காரன், தயங்கி நின்றபடி.

“அவ்வளவுதான் போல இருக்குது, போ சாமி” என்று சொல்லிவிட்டு, அருணகிரி பஸ்ஸை ஒதுக்கி அவனுக்கு வழி விட்டார்.