சூசைக்குட்டியைப் பிடித்த பேய்

எமிலின் முதுகில் பன்பாய்த் துண்டை வைத்துக் கட்டும்போது அன்ரோனெற்றின் கையிலிருந்து கயிறு நழுவிக்கொண்டே இருந்தது. மேடைக்குப் பின்னால் இருந்த அந்தச் சிறிய அறையில் காற்று இல்லை. பூசியிருந்த பவுடர் இருவர் முகத்திலும் வியர்வையோடு கோடாக இறங்கியது. அவன் கைகளை உயர்த்திச் சுவரைப் பார்த்தபடி நின்றான். விளக்குமாற்று அடி பாயில் விழவேண்டும். சத்தம் கடைசிக் கதிரைவரை கேட்கவேண்டும். ஆனால் நோகக்கூடாது. அதற்காகத்தான் சட்டைக்குள் பாய்.

"இறுக்கிக் கட்டு. வழுகினா எனக்குத்தான் விழும்."

அவள் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள். கணவனுக்கு அடி படாமல் இருக்கத் தான் பாய் கட்டுகிறோம் என்ற நினைவு வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

சூசைக்குட்டி நாடகம் கீரிக் கிராமத்தில் மூன்று தலைமுறையாக ஆடப்படுவது. கடலுக்குப் போகப் பஞ்சிப்பட்ட சோம்பேறிச் சூசைக்குட்டி, தனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று பாயில் விழுந்து கிடப்பான். அவன் மனைவி பெலோமினா விளக்குமாற்றோடு வந்து பேயை விரட்டுவாள். கடைசியில் சூசைக்குட்டி முழந்தாளில் இருந்து, பொய் சொன்னதை ஒத்துக்கொண்டு, இனி ஒழுங்காகத் தொழிலுக்குப் போவேன் என்று சத்தியம் பண்ணுவான். அந்த இடத்தில் மண்டபம் விழுந்து விழுந்து சிரிக்கும். இத்தனை காலமும் பெலோமினாவாக வந்தது ஆண்கள்தான். மீசையை மழித்து, சேலை சுற்றி, கட்டைக் குரலில் கத்துவார்கள். இந்த வருடம் திருவிழாவுக்கு நாடகம் பழக்க வந்த தனஞ்சயன் சேர், நானாட்டானில் படிப்பிக்கிறவர், பெண் வேடத்துக்குப் பெண்தான் வேண்டும் என்று நின்றுவிட்டார். நண்டுக் கொம்பனியில் வேலை செய்கிற அன்ரோனெற்றுக்குக் குரல் நன்றாக எடுபடும் என்று சொன்னவர் கோயில் சபைத் தலைவர் யாகப்பர். பங்குச் சுவாமியாருக்கும் சபைக்கும் முன்னால் கேட்டபோது எமிலால் மறுக்க முடியவில்லை. "அதுக்கென்ன, நடிக்கட்டும்" என்று சிரித்தான். வெளியில் எமில் நன்றாகச் சிரிப்பான். யாருடைய வள்ளத்தை இழுக்கவேண்டுமென்றாலும் முதல் ஆளாகத் தோள் கொடுப்பான். செத்த வீட்டில் விடியும்வரை நின்று வேலை செய்வான்.

சூசைக்குட்டியாக நடிக்க இருந்தவன் றொஷான். கல்யாண வீடுகளுக்கு லைற் கட்டுகிறவன். திருவிழாவுக்கு முதல் நாள் தள்ளாடிக்குப் போகிற வீதியில் மோட்டார் சைக்கிள் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டான். தனஞ்சயன் நாடகத்தை நிறுத்தலாம் என்றார். யாகப்பர்தான், "எமில் இருக்கிறானே. முந்தி இவன் சூசைக்குட்டியா வந்தா சனம் கதிரையில இருக்காது. வசனமெல்லாம் தண்ணிமாதிரி" என்றார்.

தனஞ்சயன் அன்ரோனெற்றைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, உங்களுக்குச் சரியோ?"

எமில் பக்கத்தில் நின்றான். அங்கே நின்ற ஊர்க்காரர் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். வெயில் காலத்திலும் அவள் முழுக்கைச் சட்டை போடுவது ஏன் என்று தெரியாதவர் அங்கே தனஞ்சயன் மட்டுந்தான்.

"ஓம் சேர்" என்றாள்.

அன்று ஒரேயொரு தரம்தான் ஒத்திகை பார்க்க முடிந்தது. எமில் ஒரு சொல்கூடத் தவறவில்லை. அவள் அடிக்கும்போது அவன் துள்ளிய துள்ளலில் தனஞ்சயனே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஆனால் முழந்தாளில் இருக்கிற கட்டம் வந்ததும், "இது தெரிஞ்சதுதானே, நாளைக்குப் பாப்பம்" என்று இறங்கிவிட்டான். வீட்டுக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளில் அவன் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. காற்றுக்குள் குரல் மட்டும் வந்தது.

"நாளைக்குப் பாத்து அடி. சனம் சிரிக்கத்தான் அடிக்கிறாய், விளங்குதோ? மற்றது, நான் முழந்தாள்ல இருக்கமாட்டன்."

"முந்தி இருந்தனீங்கள்தானே?"

"முந்தி பெலோமினா ஆம்பிளை."

திருவிழாவன்று வெயில் சாயத் தொடங்கியபோது நாடகம் தொடங்கியது. மண்டபம் நிறைந்து, யன்னல்களிலும் சனம் தொங்கியது. திரை இடுக்கால் அன்ரோனெற் பார்த்தாள். முன்வரிசையில் யாகப்பர். பெண்கள் பக்கத்தில் மகள் கிருஷிகா, அவளுக்கு அருகில் பக்கத்து வீட்டு ஜெஸ்லியா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். எமிலின் குரல் உயர்கிற இரவுகளில் ஜெஸ்லியா வீட்டு ரீவிச் சத்தமும் உயரும். காலையில் கிணற்றடியில் இருவரும் மீன் விலையைப் பற்றிப் பேசுவார்கள்.

எமில் மேடையில் பாயில் சுருண்டு ஊளையிட்ட உடனேயே சனம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. அவன் உண்மையிலேயே கெட்டிக்காரன். ஒரு காலை மட்டும் தூக்கி ஆட்டி, அதுதான் பேய் என்று காட்டினான். அன்ரோனெற் விளக்குமாற்றோடு நுழைந்தாள். வசனங்கள் தாமாக வந்தன. பெலோமினா பேயோடு பேசுகிறபடியால் 'நீ' என்றுதான் பேசவேண்டும். பதினேழு வருடத்தில் அவனை அவள் அப்படி அழைத்ததில்லை. முதல் 'நீ' சொல்லும்போது நாக்கு தடக்கியது. பிறகு தடக்கவில்லை.

முதல் அடியை மெல்லவே போட்டாள். சத்தம் எழவில்லை.

"அடி விழேல்லை!" என்று பின்னாலிருந்து ஒரு இளந்தாரி கத்தினான். மண்டபம் சிரித்தது.

எமில் பாயிலிருந்து தலையைத் தூக்கி, நாடகத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னான். "என்ர மனுசிக்கு அடிக்கத் தெரியாது. வாங்கத்தான் தெரியும்."

ஆண்கள் பக்கம் பெரிய சிரிப்பு எழுந்தது. பெண்கள் பக்கம் சிரிப்பு பாதியில் நின்றது. அன்ரோனெற்றுக்குக் காது அடைத்தது. அவள் விளக்குமாற்றை ஓங்கி அடித்தாள். பாயில் விழுந்த சத்தம் மண்டபத்தை ஒருமுறை சுற்றி வந்தது. சனம் கைதட்டியது. மறுபடி அடித்தாள். எமில் துள்ளினான், உருண்டான், கும்பிட்டான், எல்லாம் பழக்கியபடிதான். அடுத்த அடிக்கு அவன் குனிந்திருக்கவேண்டும். ஒரு கணம் பிந்திவிட்டான். ஈர்க்குகள் பாயைத் தாண்டிப் பிடரியிலும் காதிலும் விழுந்தன.

எமில் திரும்பினான். கீழ் உதட்டை ஒரு பக்கமாகக் கடித்தான். அந்த உதட்டை அவளுக்குத் தெரியும். வலது கை மேலே போனது. அது சூசைக்குட்டியின் கை அல்ல.

தான் என்ன செய்தோம் என்று அன்ரோனெற் அறியும்முன் எல்லாம் நடந்துவிட்டது. விளக்குமாறு கீழே கிடந்தது. அவள் மேடையின் நடுவில் குந்தியிருந்தாள். இரண்டு கைகளும் தலையை மூடியிருந்தன. முழங்கைகள் முகத்துக்கு முன்னால் ஒன்றாக ஒட்டியிருந்தன. யாரும் அதைப் பழக்கவில்லை. நாடகத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை என்பது அந்த ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

சிரிப்பு வெட்டினதுபோல் நின்றது. மேலே மின்விசிறி சுழல்கிற சத்தம் கேட்டது.

எமிலின் கை இன்னும் மேலேதான் இருந்தது. அவன் சனத்தைப் பார்த்தான். பிறகு அதே கையால் தலையைச் சொறிந்து, கண்ணை உருட்டி, பல்லைக் காட்டினான். யாரோ ஒருவர் சிரித்து, தனியாகச் சிரிப்பது தெரிந்து நிறுத்திக்கொண்டார்.

திரைக்கு அருகில் பிரதியோடு நின்ற தனஞ்சயனின் முகம் வெளிறியிருந்தது. "அக்கா," என்றார் மெல்ல. "நிப்பாட்டட்டோ?"

அன்ரோனெற் கைகளைத் தலையிலிருந்து எடுத்தாள். எடுத்தபின்தான் எல்லாக் கண்களும் தன்மேல் இருப்பது தெரிந்தது. வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தாள். இத்தனை வருடமும் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்து வைத்திருந்தது, சமையலறையில் வழுக்கினது என்றும் படலை இடித்தது என்றும் சொல்லி மூடியது, ஒரு நொடியில் மேடையில் விரிந்து கிடந்தது. இனி மறைக்க எதுவும் இல்லை என்பது உடம்பைப் பாரமில்லாமல் ஆக்கியது. பயம் போய்விடவில்லை. ஆனால் எழும்பினாள். விளக்குமாற்றை எடுத்தாள். தனஞ்சயனைப் பார்த்து இல்லை என்று தலையசைத்தாள்.

விட்ட இடத்திலிருந்து வசனத்தைச் சொன்னாள்.

"பேயே, போறியோ இல்லையோ?"

"போறன், போறன், போட்டன்!" எமில் அவசரமாகச் சொல்லிவிட்டு, நொண்டி நொண்டி மேடையின் ஓரத்துக்கு நடந்தான். சிரிப்போடு இறங்கிவிடப் பார்த்தான். அன்ரோனெற் குறுக்கே வந்து நின்றாள். விளக்குமாற்றை ஓங்கவில்லை. பக்கத்தில் தொங்கவிட்டிருந்தாள்.

"முழந்தாள்ல இருந்து சொல்லு."

அது நாடகத்தில் உள்ள வசனந்தான்.

"விடடி," என்றான் எமில், உதடு அசையாமல். முன்வரிசைக்குக் கேட்டிருக்கவேண்டும். யாகப்பர் தலையைக் குனிந்தார்.

"முழந்தாள்ல இருந்து சொல்லு."

அவன் சனத்தைப் பார்த்துச் சிரித்து, தோளைக் குலுக்கினான். யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த வசனத்துக்குப் பிறகு அவன் முழந்தாளில் இருக்கவேண்டும். இருந்தால்தான் அடுத்த வசனம். இல்லாவிட்டால் அவளிடம் சொல்ல எதுவுமே இல்லை. அவனுக்கும் அது தெரியும். அவன் காத்திருந்தான். வீட்டில் அவன் எப்போதும் இப்படித்தான், அவள் களைக்கும்வரை காத்திருப்பான்.

பெண்கள் பக்கத்தில் ஒரு கதிரை தரையில் உரசியது. ஜெஸ்லியா எழும்பி நின்றாள். சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். குரல் அவ்வளவு பெரிதாக வரவில்லை.

"முழந்தாள்ல இருங்கோ எமிலண்ணை."

சூசைக்குட்டி என்று அவள் சொல்லவில்லை.

எமில் அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் பவுடருக்குக் கீழே நிறம் மாறியது. அதற்குள் இன்னொரு பெண் எழும்பினாள். "இருங்கோ." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. யாரும் கத்தவில்லை. செபம் சொல்வதுபோல ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் சொன்னாள். ஆண்கள் பக்கம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எமில் யாகப்பரைத் தேடினான். நேற்றுத் தன்னைப் புகழ்ந்த மனிதர் ஏதாவது சொல்லி இதை முடிப்பார் என்று அவன் கண்கள் கேட்டன. யாகப்பர் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"இரு தம்பி," என்றார். "நாடகத்தை முடி."

எமில் முழந்தாளில் இருந்தான். முதலில் ஒரு கால், பிறகு மற்றது. பலகை கிறீச்சிட்டது. சூசைக்குட்டியின் சத்தியத்தைப் பிழையில்லாமல் சொன்னான்: இனிப் பொய் சொல்லமாட்டேன், பஞ்சிப்படமாட்டேன், நாளும் பொழுதும் கடலுக்குப் போவேன். கை நீட்டுவதைப் பற்றி அந்தப் பழைய நாடகத்தில் ஒரு வரியும் இல்லை. அன்ரோனெற் கடைசி வசனத்தைச் சொல்லி விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். திரை இழுக்க நின்றவன் மறந்துபோய் நின்றான். யாரும் கைதட்டவில்லை. அவன் நினைவு வந்து இழுக்கும்வரை, எமில் முழந்தாளிலும் அவள் நின்றபடியும், மண்டபம் பார்த்துக்கொண்டே இருந்தது.

திரை விழுந்ததும் எமில் பாயைக்கூட அவிழ்க்காமல் இறங்கிப் போனான். மோட்டார் சைக்கிள் சத்தம் கடற்கரை வீதியில் தேய்ந்தது.

அன்ரோனெற் வாளித் தண்ணீரில் முகம் கழுவினாள். தனஞ்சயன் வாசலில் நின்றார். எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியாதக்கா. தெரிஞ்சிருந்தா அவரைப் போட்டிருக்கமாட்டன்."

"தெரிஞ்ச ஆக்கள்தானே சேர் போட்டவை."

"இப்ப எங்க போகப் போறீங்கள்? நானாட்டானில எங்கட வீட்டில என்ர அக்கா இருக்கிறா. நீங்களும் பிள்ளையும் வரலாம்."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். நல்ல மனிதர், இரண்டு நாளைக்கு இடம் கொடுப்பார். அதற்குப் பிறகு? அந்த வீட்டுக்குக் கல் சுமந்தவள் அவள். கிணற்றுக் கட்டை மெழுகியவள் அவள்.

"வீட்டுக்குத்தான் சேர்," என்றாள். "அது என்ர வீடு."

கிருஷிகா வெளியில் காத்திருந்தாள். தாயின் கையைப் பிடித்தாள். பிடி இறுக்கமாக இருந்தது. இருவரும் வீதியில் இறங்கி நடந்தார்கள். கடலுக்குமேல் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சியிருந்தது. சிறிது தூரம் போனதும் பின்னால் மணல் நெரிபடுகிற சத்தம் கேட்டு அன்ரோனெற் திரும்பினாள். ஜெஸ்லியா வந்துகொண்டிருந்தாள். அவள் அந்தப் பக்கந்தான் போகவேண்டியவள். ஆனால் அவளோடு வந்த மற்றப் பெண்களின் வீடுகள் கோயிலுக்கு மறுபக்கம். தூங்கிய பிள்ளையைத் தோளில் போட்டபடி ஒருத்தி வந்தாள். செருப்பைக் கையில் பிடித்தபடி இன்னொருத்தி. ஏன் வருகிறீர்கள் என்று அன்ரோனெற் கேட்கவில்லை.

வீட்டு முற்றத்தில் மோட்டார் சைக்கிள் நின்றது. எமில் வாசற்படியில் இருந்தான். முகத்தில் பாதிப் பவுடர் துடைபடாமல் வெள்ளையாக இருந்தது. படலைச் சத்தம் கேட்டு எழும்பினான். அவளைப் பார்த்தான். பிறகு அவளுக்குப் பின்னால் வீதியைப் பார்த்தான்.

கிருஷிகா அவனைத் தாண்டி உள்ளே போய் முற்றத்து லைற்றைப் போட்டாள். ஜெஸ்லியா தன் வீட்டுக்குள் போகவில்லை. வேலியோரம் மணலில் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். தோளில் கிடந்த பிள்ளை ஒருமுறை சிணுங்கி மறுபடி தூங்கியது.

அன்ரோனெற் முற்றத்துக்குள் நடந்தாள். படலையை அவள் சாத்தவில்லை.