பதினொன்று இருபதுக்கான கட்டம்

அந்தத் தாளை நான் காலை ஏழே முக்காலுக்கே நிரப்பிவிட்டேன். இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். கடைசிக்கு வைத்தால், அதற்குள் எனக்குச் சாதகமாக நாலு காரணங்களை எழுதிவிடுவேன்.

பள்ளி விடுமுறையின் முதல் வாரம், தெலுக் பஹாங் பக்கம் காட்டோரத்தில் மூன்று நாள் முகாம். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் இருபத்து நான்கு பேர். முதல் நாள் கூடாரம் அடிப்பது, இரண்டாம் நாள் ஓடையோரமாக மலையேற்றம், மூன்றாம் நாள் கடலில் கயாக் படகோட்டம். நடத்துவது ஓர் இளைஞர் சங்கம். நான் பகலில் பிறை என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். செவ்வாய், வியாழன் மாலைகளில் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுனுக்கு வந்து இளைஞர் பயிற்சி டிப்ளோமா படிக்கிறேன். அதற்கு நாற்பது மணி நேரக் களப்பணியும் ஒரு நாட்குறிப்பும் வேண்டும். முகாமுக்குப் போனதற்குக் காரணம் அதுதான். பிள்ளைகள் மேல் பெரிய ஆசை இருந்தது என்று சொல்ல முடியாது.

முகாம் தலைவர் குகன் அண்ணன் என்னைப் பார்த்ததும், "நீ ஒழுங்கா எழுதுற ஆளு. பின்னால நட, ஆள் எண்ணிக்கை உன் பொறுப்பு" என்றார். வழி இதுதான்: ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளைகள் ஒன்றிலிருந்து இருபத்து நான்கு வரை தங்கள் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல நான் தாளில் டிக் போட வேண்டும். இரண்டாம் நாளுக்கு நான்கு நிறுத்தம். பத்து மணி, பத்து நாற்பது, பதினொன்று இருபது, பன்னிரண்டு.

எங்கள் தொழிற்சாலையிலும் இப்படி ஒரு தாள் உண்டு. மின்சுற்றுப் பலகைகளைச் சுட வைக்கும் அடுப்பின் சூட்டை மணிக்கு ஒரு முறை பார்த்து எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் ஒவ்வொரு மணிக்கும் எழுந்து போய்ப் பார்த்தேன். லைன் லீடர் குமுதா அக்கா சிரித்தார்.

"என்னா காமினி, அடுப்பைப் பொண்ணு பாக்கவா போற? அது மாறாது லா. காலையிலயே எட்டுக் கட்டத்தையும் போட்டுட்டு வேலையைப் பாரு."

அடுப்பு உண்மையிலேயே மாறவில்லை. ஒன்றரை வருடமாகக் காலை எட்டு மணிக்கே சாயங்காலம் வரைக்குமான எண்களை எழுதி வருகிறேன். லைனில் எல்லாரும் அப்படித்தான். ஆய்வுக்கு வருகிறவர்கள் என் தாளைத்தான் சுத்தமாக இருக்கிறது என்று காட்டுவார்கள்.

அதனால்தான் அன்று காலை, காட்டில் மழை வந்தால் தாள் நனையும், பேனா எழுதாது என்று யோசித்து, நான்கு நிறுத்தத்துக்கும் தொண்ணூற்றாறு கட்டங்களில் டிக் போட்டேன். யாராவது குறைந்தால் அந்தக் கட்டத்தை மட்டும் அடித்துக்கொள்ளலாம். பிறகு தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அதைச் செய்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் இரண்டு நிறுத்தங்களில் எண்ணினேன். இருபத்து நான்கும் சரியாக வந்தன. ஹரீஷ் என்ற பையன் தன் எண்ணை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நடிகர் குரலில் சொன்னான்.

மூன்றாவது நிறுத்தம் ஓடையில் ஒரு பெரிய பாறை. அங்கே பிள்ளைகள் தண்ணீர் வாரி இறைத்து விளையாடினார்கள். கிளம்பும் நேரத்தில் பதினேழாம் எண் சுஹானா என் பக்கத்தில் வந்து நின்றாள். ஜெலுத்தோங் பகுதிப் பெண். வீட்டைவிட்டு வெளியே தங்குவது இதுதான் முதல் தடவை என்று முதல் நாள் சொல்லியிருந்தாள். நீச்சல் நன்றாகத் தெரியும். கயாக் பற்றியே பேசிக்கொண்டிருப்பாள். இந்த முகாமில் நன்றாகச் செய்கிறவர்களை டிசம்பர் கடல் முகாமுக்கு எடுப்பார்கள். அவளுக்கு அது வேண்டும்.

பையன்களுக்குக் கேட்காத குரலில், "அக்கா, தலையில கட்டுன தூடோங் முழுக்க நனைஞ்சிருச்சு. பாறைக்குப் பின்னால போயி மாத்திட்டு வரவா? ரெண்டே நிமிசம்" என்றாள்.

நான் தலையாட்டினேன். அப்போது ஒரு பையனின் காலில் அட்டை கடித்த இடத்தில் உப்பு வைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த நிமிடம் மழை கொட்டியது. முன்னால் வழிகாட்டிப் போகும் யுகேந்திரன், ஓடையில் தண்ணீர் ஏறுவதற்குள் கடக்க வேண்டும் என்று கத்தினார். பிள்ளைகள் ஓடினார்கள்.

"எல்லாரும் இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இருக்கோம் லா அக்கா. வாங்க, நீங்கதான் லேட்டு" என்றான் ஹரீஷ்.

நான் எண்ணவில்லை. கழுத்தில் தொங்கிய தாளைப் பார்த்தேன். பதினொன்று இருபதின் கீழே இருபத்து நான்கு டிக்குகளும் ஏற்கெனவே வரிசையாக இருந்தன. அதைப் பார்த்தபோது வேலை முடிந்துவிட்டது போலவே இருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கீழே உள்ள கொட்டகையில் எண்ணினோம். பதினாறு வரை வந்தது. பிறகு மழைச் சத்தம் மட்டும். பதினேழு வரவில்லை.

குகன் அண்ணனும் நானும் திரும்பி ஏறினோம். பன்னிரண்டு ஐம்பதுக்கு அவளைக் கண்டோம். அதே பாறையின் கீழே, பையை நெஞ்சோடு அணைத்து, விசிலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழி தவறினால் இருந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது, மூன்று மூன்று முறையாக விசில் ஊத வேண்டும் என்று முதல் நாள் நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். உதடு வெளுத்திருந்தது. அழவில்லை. எங்களைப் பார்த்ததும் விசிலை எடுத்துத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்தாள்.

கொட்டகைக்கு வந்ததும் குகன் அண்ணன் தாளைக் கேட்டார். கொடுத்தேன்.

"பதினொன்னு இருபதுக்கு எண்ணினியா, காமினி?"

"தாள்ல இருக்கு அண்ணே" என்றேன்.

எண்ணினேன் என்று சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்று அந்த நிமிடத்தில் நினைத்துக்கொண்டேன்.

அவர் சுஹானாவிடம் திரும்பினார். "பாறையை விட்டுக் கெளம்பும்போது நீ இருந்திருக்க. நடுவுல திரும்பிப் போயிருக்க. எதுக்கும்மா போன? எதையாச்சும் விட்டுட்டு வந்துட்டியா?"

"நான் எங்கயும் போகல. அக்காகிட்ட சொல்லிட்டுத்தான் பின்னால போனேன்."

"எதுக்கு?"

அவள் பையன்களைப் பார்த்தாள்.

"சொன்னாளா, காமினி?"

"மழை அண்ணே. ஞாபகம் இல்ல."

சுஹானா என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு யார் கேட்டதற்கும் அவள் பேசவில்லை.

குகன் அண்ணன் கெட்டவர் இல்லை. இருபத்து நான்கு பெற்றோர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அனுமதி இல்லாமல் குழுவை விட்டுப் போனதாக அறிக்கை எழுதினார். டிசம்பர் பட்டியலில் இருந்து அவள் பெயரை அடித்தார், கயாக்கிலும் சேர்க்கவில்லை. மூன்றாம் நாள் எல்லாரும் கடலில் துடுப்புப் போட, சுஹானா மணலில் உட்கார்ந்து திரும்பி வந்த மிதவைச் சட்டைகளை அளவு வாரியாக அடுக்கினாள். அடுக்கும்போது ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினாள். நான் பத்தடி தள்ளி நின்றேன். போய்ச் சொல்ல அன்று முழுக்க நேரம் இருந்தது.

வகுப்புக்கான நாட்குறிப்பில், 'ஒரு மாணவி குழுவிலிருந்து பிரிந்து, பின்னர் பாதுகாப்பாக மீட்கப்பட்டார்' என்று எழுதினேன். வியாழக்கிழமை அது திரும்பி வந்தது. ஓரத்தில் 'நன்று, தெளிவு' என்று இருந்தது. ஃபெரியில் வரும்போது நான்கைந்து தடவை அதை எடுத்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை குகன் அண்ணன் அழைத்தார். "சுஹானாவோட அத்தா உன்னை நேர்ல பார்க்கணுங்கிறாரு. பிள்ளையால உனக்குத்தான் கெட்ட பேரு வந்துச்சாம், மன்னிப்புக் கேக்கணுமாம். நாளைக்குப் போயிட்டு வந்துரு, பாவம்."

போகாமல் இருக்க மூன்று காரணங்கள் யோசித்தேன். பிறகு போனேன்.

ஜெலுத்தோங்கில் ஃபிளாட்டின் ஆறாவது மாடி. அவள் அத்தா ஜபருல்லா மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். என்னைப் பார்ப்பதற்காகவே கையை நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தார். நகக்கண்ணில் மட்டும் கறுப்பு இருந்தது. அவள் அம்மாவின் பெயர் சித்தி ஆயிஷா. அவர் ரோஜாப்பால் கொண்டுவந்து வைத்தார். மேசை மேல் மூடி போட்ட ஒரு டப்பாவும் இருந்தது.

"கறி பப் செஞ்சேன், உங்களுக்குத்தான். போகும்போது எடுத்துட்டுப் போங்க" என்றார்.

"வேணாம்க்கா" என்றேன்.

"எங்க பிள்ளைக்காக அந்த மழையில மறுபடியும் மலை ஏறியிருக்கீங்க. இதுகூடச் செய்யலன்னா எப்படி?"

ஜபருல்லா உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "வா, எழுதினதை எடுத்துட்டு வா. அக்கா முன்னால படி."

சுஹானா வந்தாள். கையில் பள்ளி நோட்டில் இருந்து கிழித்த தாள். என்னைப் பார்க்காமல் படித்தாள்.

"மதிப்பிற்குரிய காமினி அக்காவுக்கு. முகாமின் இரண்டாம் நாள் நான் அனுமதி இல்லாமல் குழுவை விட்டுத் திரும்பிப் போனேன். அதனால் உங்களுக்கும்..."

"சத்தமா" என்றார் அத்தா.

"அதனால் உங்களுக்கும் தலைவருக்கும் சிரமம் உண்டானது. நான் செய்தது..."

"படிக்காத" என்றேன்.

அவள் நிறுத்தினாள். ஜபருல்லா, "பரவாயில்லம்மா, முழுசும் படிக்கட்டும். செஞ்சது தெரியணும்ல" என்றார்.

"அவ ஒன்னும் செய்யல அண்ணே. அவ அந்த இடத்தை விட்டு நகரவே இல்ல." என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "நான் எண்ணல. காலையிலயே டிக் போட்டு வச்சிருந்தேன். தூடோங் மாத்தணும்னு என்கிட்ட கேட்டா. நான் தலையாட்டினேன். அப்புறம் மறந்துட்டேன்."

பக்கத்து வீட்டில் குக்கர் மூன்று விசில் அடித்து நின்றது.

"மறந்துட்டீங்க, சரி. குகன் தம்பி கேட்டப்போ?" என்றார் சித்தி ஆயிஷா.

"அப்போ ஞாபகம் இருந்துச்சுக்கா."

"எட்டு நாளு" என்றார் ஜபருல்லா. என்னிடம் சொல்லவில்லை. "எட்டு நாளா இவகிட்ட நான் சரியா முகம் குடுத்துப் பேசல. பொய் பேசுறியான்னு வேற கேட்டேன். இதை எழுத வைக்க ரெண்டு நாளு ஆச்சு."

சுஹானா தாளை நான்காக மடித்தாள். பிறகுதான் கேட்டாள்.

"விசில் கேட்டுச்சா அக்கா?"

இதை நான் எங்கும் எழுதவில்லை. நாட்குறிப்பில் இல்லை, வேறு எந்தத் தாளிலும் இல்லை.

"எறங்கி வரும்போது ஒரு தடவை கேட்டுச்சு."

"நான் நெறைய தடவை ஊதினேன்."

"ஒரு தடவைதான் கேட்டுச்சு. முன்னால யுகேந்திரன் ஊதுறாருன்னு நெனச்சுக்கிட்டேன். ஆனா சத்தம் பின்னாலேருந்து வந்துச்சு. அது எனக்குத் தெரிஞ்சுது."

அவள் தலையை மெதுவாக ஆட்டினாள். ஏதோ கணக்கு சரியாக வந்துவிட்டது போல.

நான் கைபேசியை எடுத்து, அவர்கள் முன்னாலேயே குகன் அண்ணனை அழைத்தேன். ஒலிபெருக்கியில் போட்டேன். அதே வாக்கியங்களை மறுபடியும் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை.

குகன் அண்ணன் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அறிக்கையை மாத்தி எழுதணும். நீ சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. உன் வகுப்புக்கும் ஒரு காப்பி போகும்."

"சரிண்ணே."

"இனிமே முகாமுக்கு வராத, காமினி. கோவத்துல சொல்லல."

"புரியுதுண்ணே."

"பிள்ளை பேரை டிசம்பருக்குப் போடுறேன். அவங்க அத்தா விடுவாரான்னு கேளு."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி" என்றார் ஜபருல்லா. "யாரு எண்ணுவாங்க?"

"நானே எண்ணுறேன் அண்ணே."

"வாயால எண்ணுவீங்களா, தாள்ல எண்ணுவீங்களா?"

"வாயால அண்ணே. ஒவ்வொரு முகத்தையும் பாத்து."

ஜபருல்லா மகளைப் பார்த்தார். "போறியா?"

"போறேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அத்தாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மடித்த தாளை இரண்டாகக் கிழித்து, எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளிருந்து அவள் தண்ணீர்க் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.

நான் எழுந்தேன். மன்னிப்பு என்ற சொல்லை அங்கே நான் சொன்னேனா என்று இப்போது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. இந்தத் தடவை உண்மையாகவே நினைவில்லை. சொல்லாமல் வந்திருப்பேன் என்றுதான் படுகிறது.

மின்தூக்கி வரைக்கும் சித்தி ஆயிஷா கூடவே வந்தார். கையில் அந்த டப்பா.

"எடுத்துக்குங்க. உங்களுக்குன்னு செஞ்சது, நாங்க வச்சிக்கிட்டு என்ன செய்ய?"

வாங்கிக்கொண்டேன். இன்னும் சூடாக இருந்தது. கதவு மூடுவதற்கு முன் அவர் சொன்னார்: "டப்பாவைத் திருப்பிக் கொண்டுவர வேணாம்."

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தொழிற்சாலையில் அடுப்பைப் பார்த்து எட்டு மணிக்கான கட்டத்தை மட்டும் நிரப்பினேன். ஒன்பதுக்கு மறுபடி எழுந்தேன். குமுதா அக்கா, "என்ன, மறுபடியும் பொண்ணு பாக்கப் போறியா?" என்றார். ஆமாம் என்றேன். சூடு மாறவில்லை. அப்படியே எழுதினேன்.

கறி பப்பை வீட்டில் எல்லாரும் சாப்பிட்டார்கள். எங்கேயிருந்து என்று அம்மா கேட்டார். முகாமில் ஒரு பிள்ளையின் வீட்டில் கொடுத்தார்கள் என்றேன். அதுவும் பொய் இல்லை. டப்பாவைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். அதில் எதையும் போட்டு வைக்க எனக்குக் கை வரவில்லை.