குழிக்குக் கீழ்ப்பக்கம்

காரைக் கிளப்புவதற்கு முன்பே அத்தை கேட்டுவிட்டார்.

"மாசக் கடைசிப் போட்டிக்கு நான் வேற ஆளப் பாத்துக்கட்டுமா?"

கோபமில்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆயுசில் பாதியைக் கழித்தவர். பக்கத்தில் இருப்பவர் வண்டியைச் சுவரில் மோதப் போகும்போதுதான் அவர் குரல் இன்னும் சாந்தமாகும்.

மருமகள் சீட் பெல்ட்டை மாட்டினாள்.

"நான் கொஞ்சம் பழகிக்கறேன் அத்தை."

"பழகிக்கோ. பேர் குடுக்க மூணு வாரம் இருக்கு. அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லு."

அது கோல்ஃபில் ஜோடிப் போட்டி. இரண்டு பேருக்கும் ஒரே பந்து. மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். கொடி நட்ட குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லுக்குக் கிரீன் என்று பெயர். அது அநேகமாகப் பின்பக்கம் உயர்ந்து, ஆட்கள் வரும் பக்கம் சரிந்திருக்கும். பெரும்பாலும் அத்தை தூரத்திலிருந்து பந்தைக் கிரீனில் ஏற்றிவிடுவார். அதைக் குழிக்குள் உருட்டிப் போடுவது மருமகளின் வேலை. அவள் உருட்டிய பந்து குழிக்கு வெகு முன்னாலேயே களைத்துப்போய் நின்றுவிடும். மிச்சத்தை அத்தை அடிக்க வேண்டும். அது தவறினால் மறுபடி அவள். அன்றைக்கு ஒரு கிரீனில் இருவரும் பஜனைக் கோஷ்டி மாதிரி குழியைச் சுற்றி வந்தார்கள்.

வேறு ஆள் யார் என்பதும் அவளுக்குத் தெரியும். அத்தையின் தோழி, ஓய்வு பெற்ற தபால்காரம்மா. குழிக்குள் பந்து போடுவதில் கெட்டிக்காரி. வாயும் அதே அளவு.

கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வீட்டில் அவளுக்குப் பேச்சே எழவில்லை. அம்மாவும் பிள்ளையும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் பேச்சு அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். பகல் முழுக்கப் பல் செட் செய்யும் கூடத்தில் பிளாஸ்டர் தாடைகளோடு உட்கார்ந்திருப்பவள். அவையும் பதில் பேசுவதில்லை. ஒரு சனிக்கிழமை அத்தை, "சும்மா கூட நடந்து வா" என்று அழைத்துப் போனார். பந்தின் பின்னால் நடக்கிறவர்களுக்கு அவசரமில்லை. அவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து, யோசித்து, மூன்று மரம் தாண்டி முடித்தாள். அத்தை அதுவரை காத்திருந்தார்.

அந்த இடத்தைத் தபால்காரம்மாவுக்கு விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

அவள் கணவன் நில அளவையாளன். அன்றிரவு சாப்பிடும்போது விஷயத்தைக் கேட்டான்.

"எவ்வளவு தப்புது?"

"நிறைய."

"நிறையங்கறது ஒரு அளவா?"

"ஆரம்பிச்சுட்டான்" என்றார் அத்தை.

மறுநாள் கூடத்துக்கும் குளியலறைக்கும் நடுவிலுள்ள நடையில் நீளமாக ஒரு பச்சைக் கம்பளம் விரிந்தது. ஒரு முனையில் குழியின் அகலத்துக்கு வெள்ளை வட்டம்; பந்து அதற்குள் போனால் விழுந்ததாகக் கணக்கு. அவன் கம்பளத்தின்மேல் பந்தை வைத்தான். பந்து தானாகக் குளியலறையை நோக்கி நகர்ந்தது. தண்ணீர் வடிய வேண்டும் என்று கொத்தனார் விட்ட சரிவு.

"சரிஞ்ச தரையில எடுத்த அளவு செல்லாது" என்றான் அவன்.

தரை மட்டமா என்று காட்டும் ரசமட்டத்தைக் கொண்டு வந்தான். அட்டைத் துண்டுகளை நறுக்கிக் கம்பளத்தின் கீழே சொருகினான். எடுத்தான், மறுபடி சொருகினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் கரைந்தது. கடைசியில் பந்தை எங்கே வைத்தாலும் ஆணி அடித்தாற்போல் நின்றது. மேஜைமேல் ஊற்றிய தண்ணீர் மாதிரி மட்டம். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"குளிக்கப் போறதுக்கும் இனிமே உங்கிட்ட அனுமதி வாங்கணுமா?" என்றார் அத்தை, ஈரக்காலோடு கம்பளத்தைத் தாண்டியபடி.

"ஓரமாப் போம்மா. அட்டை நகந்துடும்."

தினமும் வேலை முடிந்து வந்ததும் அவள் உருட்டினாள். அவன் குறித்தான். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கட்டம் போட்ட தாள். நடுவில் குழி. விழாத பந்து எங்கே நின்றதோ அங்கே ஒரு புள்ளி. முதல் வாரத் தாளில் புள்ளிகள் எல்லாம் குழிக்கு முன்னால் எறும்பு மொய்த்ததுபோல் இருந்தன.

"பாத்தியா? இடமோ வலமோ இல்ல. நீ நேராத்தான் அடிக்கற. பாதி வழியில விட்டுடற, அவ்வளவுதான்."

தன் கை நேராகத்தான் போகிறது என்று அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. அந்தத் தாளை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் வாரம் புள்ளிகள் குறைந்தன. பத்துக்கு எட்டு விழுந்தது. அவன் தாளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டான். சனிக்கிழமை தானும் வருவதாகச் சொன்னான்.

"நீ எதுக்கு?" என்றார் அத்தை.

"முடிவைப் பாக்க வேண்டாமா?"

முடிவைப் பார்த்தான். முதல் கிரீனில் அவள் உருட்டிய பந்து பாதி தூரத்தில் நின்றது. இரண்டாவதில் பாதிகூடப் போகவில்லை. மூன்றாவதில் போன மாதத்தைவிட மோசம். தபால்காரம்மாவும் உடன் வந்திருந்தார்.

"வீட்டுல ரொம்பப் பழக்கம்னு சொன்னாங்களே" என்றார்.

அவளுக்குக் காது சுட்டது. கணவன் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தான். அவள் அடித்த இடத்தில் மண்டியிட்டுப் புல்மேல் வைத்தான். எழுதிக்கொண்டான். நான்காவதில் வைத்தான். ஐந்தாவதில் வைத்தான். புல் வெட்டுகிறவர் தூரத்திலிருந்து கத்தினார்.

"ஐயா! அங்க என்ன வீடா கட்டப் போறீங்க?"

ஒன்பதாவது கிரீனில் அவன் துள்ளி எழுந்தான். கணக்கு பிடிபட்ட குஷி.

"ஏய், எல்லாம் ஏத்தம்! நீ அடிச்ச ஒவ்வொரு பந்தும் குழிக்குக் கீழ்ப்பக்கத்துலேருந்து. ஒண்ணுகூட இறக்கம் இல்ல, பக்கச் சரிவும் இல்ல. நான் தரைய மட்டமாக்கிக் குடுத்தேன். மட்டத்துல அடிக்கற அடி ஏத்தத்துல எப்படிப் போய்ச் சேரும்? என்னாலதான் கெட்டுச்சு!"

தொழிலே மேடுபள்ளம் அளப்பது. வீட்டில் இருந்த மேடுபள்ளத்தை அவனே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குனிந்து ஒழித்திருந்தான். அவன் தன் நெற்றியில் தட்டிக்கொண்டான். பிறகு கை அப்படியே நின்றது.

"எல்லாமே கீழ்ப்பக்கமா எப்படிம்மா நின்னுச்சு?"

"வாய மூடிக்கிட்டு வாடா" என்றார் அத்தை.

"உங்கம்மாவுக்கு எட்டலப்பா" என்றார் தபால்காரம்மா. "முன்னெல்லாம் கொடியத் தாண்டிப் போடுவா. ரெண்டு வருஷமா எல்லாம் முன்னாலயே விழுது. வயசாகுதுடின்னு நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்."

அத்தை குனிந்து காலணியின் நாடாவைக் கட்டினார். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

அவளுக்குப் புரிந்தது. சரிவில் இறங்கும் பந்தைத்தான் தொட அவளுக்குப் பயம். விட்டால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. கீழிருந்து மேலே அடிப்பதில் அந்தப் பயம் இல்லை. ஆரம்பத்தில் ஒரு நாள் அவள் இறக்கத்தில் தட்டிய பந்து கிரீனையே தாண்டி ஓரத்து மணல் பள்ளத்துக்குள் போனது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதன் பிறகு அவளுக்கு இறக்கம் வாய்த்ததே இல்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தாள். அத்தை கொடிக்கு முன்னாலேயே நிறுத்திக்கொண்டிருந்தார், வாராவாரம், வயசாகிவிட்டது என்ற பேச்சையும் வாங்கிக்கொண்டு.

"அத்தை" என்றாள். அதற்குமேல் வரவில்லை. அவர் வழக்கம்போல் காத்திருந்தார். அப்புறம், "வெயில் ஏறுது, நடங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கணவன் அட்டைகளை எல்லாம் உருவினான். கம்பளத்தின் குழிப்பக்க முனையைப் பலகை வைத்து உயர்த்தினான். கிரீனில் அளந்த அதே சரிவு. புதிய தாளை ஒட்டினான். அவன் பேனாவைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

"விழுந்ததை எண்ண வேண்டாங்க."

"பின்ன எதை?"

"விழாதது குழிலேருந்து எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு மட்டும் எழுதுங்க. அடுத்தது அத்தை அடிக்கணும்ல."

அவள் வேலையில் அது பழக்கம்தான். பல் அச்சு எடுப்பவர் ஒழுங்காக எடுத்தால் அவள் அரத்துக்கு வேலை குறைவு. தன் கையை விட்டுப் போவது அடுத்தவர் கைக்கு எப்படிப் போகிறது என்பதைத்தான் அங்கே எல்லாரும் பார்ப்பார்கள். பந்து விஷயத்தில் ஏனோ அது தோன்றவில்லை.

அந்த வாரம் அவன் அடிக்குச்சியால் அளந்து எழுதினான். அவள் கணக்கில் திங்கட்கிழமை இரண்டு முழம். புதன்கிழமை இரண்டு சாண். வெள்ளிக்கிழமை ஒரு சாண், சில நேரம் அதற்கும் குறைவு. விழுந்தது எத்தனை என்று இருவருக்குமே தெரியாது. அத்தை குளிக்கப் போகும்போது பலகையைத் தாண்டினார்.

"இப்ப மலையா? சரி. ஏத்தத்துல வண்டிய எடுக்கறப்ப யாரா இருந்தாலும் கால் நடுங்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

பெயர் கொடுக்க வேண்டிய சனிக்கிழமை வந்தது. கணவனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். அத்தையின் பந்துகள் அன்றும் குழிக்குக் கீழ்ப்பக்கமே வந்து நின்றன. அவள் ஒவ்வொரு தடவையும் குழியைப் பார்த்தாள். பிறகு அத்தை நிற்கும் இடத்தைப் பார்த்தாள். பிறகு உருட்டினாள். சில விழுந்தன. பல விழவில்லை. விழாதவை குழியின் உதட்டருகே நின்றன. அத்தை நின்றபடியே தட்டிவிட்டு நடந்தார். குனிந்து கணக்குப் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

பதினாலாவது கிரீனை நெருங்கும்போது அவள் சொன்னாள்.

"அத்தை, இந்தத் தடவை கொடி வரைக்கும் போடுங்க."

"இறக்கத்துல நின்னா?"

"நின்னா நிக்கட்டும்."

அத்தை அவளை ஒரு முறை பார்த்தார். வேறு மட்டையை எடுத்தார். பந்து உயரப் போய்க் கொடியைத் தாண்டி விழுந்தது. பின்னால் வந்த தபால்காரம்மா, "அடியே!" என்றார். அவ்வளவு தூரத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்பதுபோல்.

இறக்கம். அவள் குழியைப் பார்த்தாள், பிறகு அத்தை நிற்கும் இடத்தைப் பார்த்தாள். மெல்லத் தொட்டாள். பந்து இறங்கி, குழியின் ஓரத்தை உரசி, தாண்டி, இரண்டு சாண் தள்ளி நின்றது. மணலுக்குப் போகவில்லை.

அத்தை அதைத் தட்டி உள்ளே போட்டார்.

"தேங்க்ஸ் அத்தை."

"எதுக்கு? பந்தை விட்டது நீ, போட்டது நான்."

"இதுக்கு இல்ல."

அத்தை பந்தைக் குழியிலிருந்து எடுத்துப் புடைத்த பையில் போட்டார். அடுத்த இடத்துக்கு நடக்க ஆரம்பித்தார். அவளும் கூட நடந்தாள். இரண்டு மரம் தாண்டினார்கள்.

"போறப்ப ஆபீஸ்ல பேர் எழுதணும்" என்றார் அத்தை. "உன் இனிஷியல் என்ன போடறது? உங்கப்பாதா, எம் புள்ளதா?"

"எங்கப்பாது."

"அதான் நல்லது. இவன் பேரப் போட்டா, போட்டியன்னைக்கும் ரசமட்டத்தத் தூக்கிட்டு வந்து நிப்பான்."